பயறு மூட்டையில் குழந்தையின் பங்கு

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மாலை, கீழ்வேளூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊரில் தாய்மார்களைக் கூட்டிக் குழந்தைகளின் போஷாக்கைப் பற்றிப் பேசினோம். புரதம் என்றோம், இரும்புச்சத்து என்றோம், காலை ஆகாரத்தின் அவசியத்தை முக்கால் மணி நேரம் விளக்கினோம். பேச்சு முடிந்ததும், பின்வரிசையில் பேரனை மடியில் இருத்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "நீங்க சொல்றதெல்லாம் நல்லதுதாங்க. ஆனா, புள்ள வாயத் தொறக்கணுமே!" என்றார். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அவர் கேட்டதற்கு அன்று நம்மிடம் விடை இல்லை.

கூட்டம் கலைந்தபின் அவ்வம்மையாரிடம் விசாரித்தோம். மருமகள் காலை ஆறரை மணிக்கே நடவுக்குப் போய்விடுகிறார். பேரனுக்கு மூன்றரை வயது. சோறு பிசைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தேநீரில் தோய்த்த இரண்டு பிஸ்கட்டுகளை மட்டும் மறுக்காமல் தின்கிறான். அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்தபோது, மூன்று மாதங்களாக அவன் எடை ஏறவே இல்லை என்று தெரிந்தது. அதே வீட்டின் மூலையில், கோடையில் எடுத்த உளுந்து அரை மூட்டை, விலை ஏறட்டும் என்று காத்திருந்தது.

எடை ஏறாத குழந்தையும் விலைக்குக் காத்திருக்கும் உளுந்தும் ஒரே கூரையின்கீழ் இருப்பது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. ஆதலால் இக்கட்டுரையைத் தாய்மார்களுக்கென்று மட்டும் எழுதாமல், களத்தில் பயறு அளக்கும் விவசாயிகளுக்கும் ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

இடையில் விடுபட்ட வயது

பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பொதுக் காரியமாகக் கருதியதில் நம் மாநிலத்திற்கு நெடிய மரபு உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் காலத்தில் அது மாநிலம் முழுமைக்கும் பரவும் திட்டமாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கப் பெற்றது. 2023 ஆகஸ்டு 25 அன்று, கீழ்வேளூருக்குத் தெற்கேயுள்ள திருக்குவளையில், அத்திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பின்னர் 2024-இல் ஊரகப் பகுதியிலும், 2025-இல் நகர்ப்புறத்திலும் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகள் சேர்க்கப்பட்டன. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அவ்வூரில் கிடைக்கும் காய்கறி என்பதே அதன் அளவு.

ஆனால் இத்திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்குரியது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள சிறார் அங்கன்வாடியில் மதிய உணவும் இணை உணவு மாவும் பெறுகின்றனர். எனினும் தாய் வயலுக்குப் புறப்படும் நேரத்திற்கும் அங்கன்வாடி திறக்கும் நேரத்திற்கும் இடைப்பட்ட விடியற்பொழுது முற்றிலும் வீட்டின் பொறுப்பாகவே இருக்கிறது. ஆகாரத்தை அதிகம் மறுக்கும் வயதும் இதுவே என்பதுதான் சங்கடம்.

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 22 பேர் வயதுக்கேற்ற எடையின்றியும் இருந்தனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. நெல் விளையும் நாட்டில் இவ்வெண்கள் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

குழந்தை ஏன் மறுக்கிறது?

மறுக்கும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று வைகிறோம். உண்மையில், ஒரு வயது கடந்து நடக்கத் தொடங்கிய குழந்தை, தான் அறியாத உணவைக் கண்டு அஞ்சுவது இயற்கை. கண்டதையெல்லாம் வாயில் இட்டுக்கொள்ளாமல் தன்னைக் காத்துக்கொள்ள இயற்கை தந்த எச்சரிக்கை அது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை அவ்வச்சம் மிகுந்திருந்து, பின்னர் மெல்லத் தணிகிறது. முதல் ஆண்டில் வேகமாக வளர்ந்த உடல் அதன்பின் நிதானமாக வளர்வதால், பசியும் நாளுக்கு நாள் வேறுபடுகிறது. நேற்று ஒரு கிண்ணம் உண்டவன் இன்று நான்கு வாயோடு நிறுத்துவதில் வியப்பில்லை.

இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்த லீன் பர்ச் என்னும் அமெரிக்க உளவியலாரும் அவர்தம் குழுவினரும் கண்ட உண்மைகள் நமக்குப் பெரிதும் பயன்படும். புதிய உணவொன்றைக் குழந்தை ஏற்பதற்கு எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சுவைக்கத் தர வேண்டியிருக்கலாம் என்பது ஒன்று. நாமோ இரண்டு முறை தந்துவிட்டு, 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டுகிறோம். 'தின்று முடி' என்று நெருக்கப்பட்ட பிள்ளைகள் அவ்வுணவைக் குறைவாகவே உண்டு, வெறுப்பையும் வளர்த்துக்கொண்டனர் என்பது மற்றொன்று. 'கீரை தின்றால் மிட்டாய் தருவேன்' என்னும் பேரத்தால் மிட்டாயின் மதிப்பு உயர்கிறதே அன்றிக் கீரையின் மதிப்பு உயர்வதில்லை.

விவசாயிக்கு இது புரியாத பாடம் அன்று. நாற்றை இழுத்து நீட்டிப் பயிர் வளர்ப்பவர் எவரும் இல்லை. தண்ணீர் விடுவதும் களை எடுப்பதும் நம் வேலை; வளர்வது பயிரின் வேலை. அதுபோல என்ன ஆகாரம், எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையின் விருப்பத்திற்கு விட்டுவிட வேண்டும்.

வீட்டில் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

முதலாவது, குழந்தை விரும்பி உண்ணும் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, புதியதை அதன் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி அளவே வைக்க வேண்டும். இட்லி தின்கிற பிள்ளைக்கு இட்லியோடு பயறு. சோறு தின்கிற பிள்ளைக்குச் சோற்றோடு பருப்பு. அதைத் தொட்டுப் பார்த்தாலும் முகர்ந்து பார்த்தாலும் ஒருபடி முன்னேற்றம் என்றே கொள்ளலாம்.

இரண்டாவது, பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து அதே உணவை உண்ண வேண்டும். தாய் வயலுக்குப் போய்விட்டால் பாட்டியோ, தாத்தாவோ, தந்தையோ அமரலாம். குழந்தைக்கு ஊட்டுவது பெண்களின் காரியம் என்று ஆடவர் ஒதுங்குவது முறையன்று.

மூன்றாவது, ஆகாரத்திற்கு முன் தேநீரும் பிஸ்கட்டும் தரலாகாது. இனிப்பு பசியை அடக்கிவிடுகிறது. தேயிலையின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. அதற்கு மாறாக ஒரு நெல்லிக்காயின் சாறோ, கொய்யாத் துண்டோ, எலுமிச்சை பிழிந்த பருப்போ இரும்புச்சத்து உடலில் சேர உதவும்.

நான்காவது, கைப்பேசியைக் காட்டி ஊட்டும் பழக்கம் இன்று கிராமங்களுக்கும் வந்துவிட்டது. படத்தில் கண்ணை வைத்த பிள்ளை, தான் என்ன உண்கிறது என்பதையோ, வயிறு நிறைந்ததையோ அறிவதில்லை. ஆதலால் அதை விலக்குதல் நலம்.

ஐந்தாவது, அரை மணி நேரத்திற்குள் ஆகாரத்தை முடித்துவிட வேண்டும். உண்ணாவிட்டால் வையாமல் எடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் தரலாம்.

அரிசியும் பயறும் சேர்ந்தால்

அரிசி நமக்கு உயிர். ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. அக்குறையை நிரப்பும் வண்ணம் பயறு வகைகளில் அது மிகுந்துள்ளது. பயறில் குறைவான கூறோ அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே கிண்ணத்தில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் இருக்க, அதே அளவு உளுந்திலும் பாசிப்பயறிலும் ஏறத்தாழ 24 கிராம் உள்ளது.

இவ்விரண்டும் நம் வயலிலேயே அடுத்தடுத்து விளைவது காவிரிப் படுகையின் பேறு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் நிற்கும் பயிரினூடே உளுந்தோ பயறோ தெளிக்கிறோம். பனியையும் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் கொண்டே அது விளைந்துவிடுகிறது. நெல் தரிசுக்கு ஏற்ற ஆடுதுறை 3 உளுந்தையும் ஆடுதுறை 3 பாசிப்பயறையும் அறியாத விவசாயி இப்பகுதியில் இருக்க மாட்டார். இவ்வாறு விளைந்த பயறு களத்திலிருந்து நேரே வியாபாரியிடம் போய்விடுகிறது. அதை விளைவித்தவர் வீட்டுக் குழந்தையோ வெறுந்தேநீர் குடிக்கிறது.

நான்கு எளிய காலை ஆகாரங்கள்

கீழ்க்காணும் அளவுகள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுக்குரியவை.

பாசிப்பருப்புப் பொங்கல்: அரிசி 30 கிராம், பாசிப்பருப்பு 15 கிராம். பருப்பை வாசனை வரும் வரை வறுத்து, அரிசியுடன் ஐந்து பங்கு நீரில் குழைய வேகவைத்து, சீரகத்தைப் பொடித்துச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் விட வேண்டும். இதில் ஏறத்தாழ 200 கலோரியும் ஐந்தரை கிராம் புரதமும் கிடைக்கும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் ஏறத்தாழ 16 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு இக்காலை ஆகாரத்திலேயே அடங்கிவிடுகிறது. மிளகை முழுதாகப் போட்டால் ஒன்று பல்லில் பட்டதுமே குழந்தை கிண்ணத்தைத் தள்ளிவிடும். பொடித்துச் சிறிதளவே சேர்க்கலாம்.

உளுந்தங்கஞ்சி: தோலுளுந்து 20 கிராம், அரிசி 10 கிராம். இரண்டையும் வறுத்துக் குருணையாக உடைத்து வைத்துக்கொண்டால் ஒரு வாரத்திற்கு உதவும். வேகவைத்து, கருப்பட்டி அல்லது வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்க்கலாம். கஞ்சி நீர்த்திருக்கலாகாது, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழியும் பதம் வேண்டும். குழந்தையின் வயிறு சிறிது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர உடலை வளர்க்காது.

பயறு தோசை: பச்சைப்பயறு இரண்டு பங்கு, அரிசி ஒரு பங்கு. இரவு ஊறவைத்துக் காலையில் அரைத்து, உள்ளங்கை அளவுச் சிறு தோசைகளாக வார்க்க வேண்டும். பெரிய தோசையில் பாதியை விடும் பிள்ளை, சிறியன இரண்டை முழுவதும் தின்றுவிடும். முருங்கைக்கீரையை முதல் வாரம் ஒரு சிட்டிகை மட்டும் அரைத்துச் சேர்த்து, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். கீரை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. இலையைக் குழந்தையையே உருவச் செய்தால், தான் உருவிய கீரை என்று ஆவலுடன் வாயில் வைக்கும்.

பழைய சோறும் உடன் ஒன்றும்: பழைய சோற்றைத் தாழ்வாகக் கருத வேண்டாம். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள 'பி' வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. ஆதலால் புழுங்கலரிசிச் சோறு பச்சரிசிச் சோற்றினும் சத்துடையது. காய்ச்சி ஆறிய நீரில் ஓர் இரவு மட்டும் ஊறிய சோற்றைத் தயிருடன் மசித்து, உடன் அவித்த முட்டையோ, முள் நீக்கிய மீனோ, பருப்புத் துவையலோ வைத்தால் அது நிறைவான ஆகாரமே. கோடையில் அதிகம் புளித்த வாடை வந்தால் தரலாகாது.

எச்சரிக்கை ஒன்று: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு நிலக்கடலையோ, வறுத்த முழுப்பயறோ தருதல் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பொடித்தோ, மசித்தோ தர வேண்டும்.

இம்முறைகளைக் கையாண்டும் இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாவிட்டாலும், குழந்தை வெளிறிப் போயிருந்தாலும், மண்ணையோ சாம்பலையோ தின்றாலும், விழுங்கத் திணறினாலும், அதை வெறும் மறுப்பென்று எண்ணாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். மண் தின்பது இரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம். குடற்புழு நீக்க மாத்திரையை உரிய நாளில் தவறாமல் தருவதும் அவசியம்.

களத்திலேயே ஒதுக்க வேண்டிய பங்கு

இனி விவசாயப் பெருமக்களின் பொறுப்புக்கு வருவோம். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 30 கிராம் பயறு அல்லது பருப்பு என்று கொள்வோம். ஆண்டொன்றுக்கு ஆவது ஏறத்தாழ 11 கிலோ. இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு 22 கிலோ. பயறு விற்றுவரும் பணத்தில் பின்னர் வாங்கித் தரலாம் என்று எண்ணினால், அப்பணத்திற்கு உரக்கடன், வட்டி, சடங்கு என்று ஆயிரம் வழிகள் காத்திருக்கின்றன. ஆகவே பயறு பணமாக மாறுமுன்பே பங்கு பிரிக்க வேண்டும்.

எவ்வளவு நெருக்கடி வந்தாலும் விதைநெல்லை விற்றுத் தின்னலாகாது என்று நம் முன்னோர் கட்டுப்பாடு வைத்தனர். அடுத்த ஆண்டுப் பயிர் அதில் அடங்கியிருக்கிறது என்பதே காரணம். அடுத்த தலைமுறை அடங்கியிருக்கும் இப்பதினொரு கிலோவிற்கும் அதே கட்டுப்பாடு வேண்டும். பங்குனி, சித்திரையில் பயறு அடித்துத் தூற்றியவுடன், முதல் அளவு குழந்தையின் பங்கு என்று தனியே எடுத்து வைப்போம்.

அதைச் சேமிக்கும் முறையும் எளிது. நன்றாக வெயிலில் காயவைத்து ஆறவிட்டு, மூடியுள்ள தகர டப்பாவில், உலர்ந்த வேப்பிலை அல்லது நொச்சி இலை இட்டு வைக்கலாம். முழுப்பயறை விட உடைத்த பருப்பில் வண்டு தாக்குவது குறைவு. ஆதலால் ஒரு பகுதியை உடைத்தே வைப்பது நல்லது. வண்டுக்கென விற்கும் நச்சு மாத்திரைகளை மனிதர் வசிக்கும் வீட்டுக்குள் ஒருபோதும் வைத்தல் கூடாது.

நிலமற்ற தொழிலாளர் வீடுகளுக்கு இது எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். பயறு பறிக்கும் கூலியைப் பயறாகவே அளக்கும் வழக்கம் உள்ள இடங்களில், அதில் ஒரு பகுதியைப் பணமாக்காமல் வைத்துக்கொள்ளலாம். அவ்வழக்கம் இல்லாத இடத்தில், நிலமுடையோர் தம்மிடம் நடவு நட்டவர் வீட்டுக் குழந்தைகளை நினைத்து, களத்து விலைக்கே சில கிலோ அளந்து தருவது இயலாத காரியம் அன்று. அக்குழந்தைகளின் தாயார் விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புவது நம் வயலுக்காகத்தான் என்பதை மறக்கலாகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சியினர் செய்யத்தக்கவற்றில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். அங்கன்வாடிச் சமையலறையின் குடிநீரும் கூரையும் செம்மையாக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை நேரில் பார்ப்பது. அங்கன்வாடி, பள்ளி, பொதுக்கிணறு ஆகியவற்றின் ஓரங்களில் முருங்கை, கொய்யா, எலுமிச்சை வைத்து வளர்ப்பது. எடை ஏறாத குழந்தைகள் எத்தனை பேர் என்னும் கணக்கை, பெயர்களை வெளியிடாமல், கிராம சபையில் வாசிக்கச் செய்வது. சாலைக்கும் விளக்குக்கும் கணக்குக் கேட்கும் சபை, இக்கணக்கையும் கேட்கத் தொடங்கினால் வீடுகளின் கவனம் தானே திரும்பும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட மூதாட்டியின் வீட்டுக்கு அறுவடைக் காலத்தில் மீண்டும் சென்றோம். உளுந்து மூட்டையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கஞ்சி வைக்கத் தொடங்கியிருந்தார். "முதல் வாரம் துப்பினான். ரெண்டாம் வாரம் நான் குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் என் கிண்ணத்துலேருந்தே குடிச்சான்" என்றார். எடைக்கோடு மெல்ல மேலே திரும்பியிருந்தது. கீரையை மட்டும் பேரன் இன்னும் தொடவில்லையாம். அதற்கு நாம் விடை சொல்லுமுன் அவரே, "தொடுவான், என்ன அவசரம்?" என்றார். முக்கால் மணி நேரம் நாம் பேசியும் சொல்லாமல் விட்ட பாடம் அதுதான்.

கூடிப் படித்து ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் நடவு, அறுவடைக் காலங்களில் தாய்மார் வீட்டைவிட்டுப் புறப்படும் நேரம் என்ன? அங்கன்வாடி திறக்கும் நேரம் என்ன? இடையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்?

2. சென்ற கோடையில் நம் ஊரில் விளைந்த உளுந்திலும் பயறிலும் வீட்டு உபயோகத்திற்கு நின்றது எவ்வளவு?

3. நம் வீட்டுக் குழந்தை மறுக்கும் உணவை இதுவரை எத்தனை முறை, நெருக்காமல், தந்து பார்த்திருக்கிறோம்?

4. வரும் பயறு அறுவடையில் குழந்தையின் பங்காக எத்தனை கிலோ ஒதுக்குவது என்று ஒவ்வொரு வீட்டிலும் இப்போதே முடிவு செய்ய இயலுமா?